படிவத்தில் நான் எழுதாமல் விட்ட பெயர்

அன்புள்ள சரவணா,

இந்தக் கடிதத்தோடு நான்காக மடித்த ஒரு படிவம் இருக்கும். அதை இப்போதே பிரிக்காதே, கடிதத்தை முடித்துவிட்டுப் பார். பாடம் முடிந்த பிறகே கேள்வி கேட்டுப் பழகியவன் நான். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் இயற்கை மையத்துக்குப் போயிருந்தேன். குடும்ப உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கும் மாதம் இது. ஏரிக்கரைப் புளியமரங்களும் ஓடு வேய்ந்த அந்த இரண்டு அறைகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆம்பூர் வளர்ந்து வளர்ந்து மையத்து வேலி வரைக்கும் வந்துவிட்டது, அது ஒன்றுதான் மாற்றம். நசீமாவை உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளியில் படித்தபோது, கல்லூரி முடித்த கையோடு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது பொறுப்பாளர் அவள்தான். நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா சார் இது, மூணு பேருக்கும் ஒரே கையெழுத்து?"

"குடும்ப அட்டைதானேம்மா. வீட்டுக்குப் பெரியவன் போட்டா போதாதா?"

"அது பழைய கதை சார். இந்த வருசத்துலேர்ந்து பெரியவங்க எல்லாம் அவங்கவங்களே சைன் போடணும். 'இந்த ஆண்டு என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதையும் அவங்களேதான் எழுதணும். நீங்க மூணு பேருக்கும் 'பறவைகள், பறவைகள், பறவைகள்'னு எழுதி வச்சிருக்கீங்க. அம்மா பறவைய பாத்தே நான் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "சார், சரவணனோட பேரு இதுல இருக்கறது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பொய். ஆறு வருடமாக நீ அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த ஆறு வருடமும் ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரியில் உன் பெயரை எழுதி, உனக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டு, உன்னைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. நசீமா புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "அப்போ பேஜார் இல்ல. அனுப்பி எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாம் ஏன் அங்கே சேர்ந்தோம் என்பது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. உனக்கு ஒன்பது வயது. மழை விட்ட ஒரு காலை, பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொன்னாய். கீழே தோல் தொழிற்சாலைக் கால்வாய் சேரும் இடத்தில் வெள்ளை நுரை மலைபோல் குவிந்து, காற்றில் பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. "நைனா, சோப்பு போட்டது யாரு?" என்றாய். நான் அறிவியல் ஆசிரியர். டேனரிக் கழிவு என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். "கழிவுன்னா ஏன் நுரைக்குது? நம்ம வூட்டு சாக்கடை நுரைக்கலயே?" என்று திருப்பிக் கேட்டாய். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் உன் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரம் பள்ளிக்கு மையத்திலிருந்து ஒரு துண்டறிக்கை வந்ததும், நமக்குத் தெரியாததை அவர்களாவது சொல்லிக்கொடுக்கட்டும் என்று குடும்பமாகச் சேர்ந்துவிட்டேன்.

உன் அம்மா சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "கொக்கு பாக்கறதுக்கு அட்டையா? அட்டை இல்லன்னா அது மூஞ்சிய திருப்பிக்குமா?" என்றாள். ஆனாலும் அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது புதுப் புடவை கட்டிக்கொண்டாள். உன் படத்தில் முன்பல் ஒன்று இல்லை. நீல நாடாவில் கோத்த அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கும் போனாய். வகுப்பில் யாரோ "ஜூ-லேர்ந்து தப்பிச்சி வந்தியாடா" என்று கேட்டதாக அழுதுகொண்டு வந்தாய். மறுநாளும் மாட்டிக்கொண்டுதான் போனாய்.

அங்கே எனக்குப் பிடித்தவை பறவைகள். உனக்குப் பிடித்தது மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த நுண்ணோக்கி. நான் ஏரியின் நடுவில் மிதக்கும் நாமக்கோழிகளைக் காட்டிக்கொண்டிருப்பேன். நீ கரையில் குத்துக்காலிட்டு வெங்காயத்தாமரையைப் பிடுங்கி, அதன் வேரைப் பிழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுப்பாய். ஒருநாள் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினாய். "நைனா, பூ மாதிரி இருக்குது, காம்போட! தொட்டா காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருங்கிக்குது!" உனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள். நான் அருகில் வந்து பார்க்கவில்லை. "தம்பி, போதும், மத்தவங்களும் பாக்கணும்" என்று உன் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டேன். வரிசையை ஒழுங்குபடுத்தும் வாத்தியார் புத்தி. நீ என்ன பார்த்தாய் என்று வீட்டுக்கு வந்த பிறகாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நீ வேதியியல் படித்தாய். வனத்துறைத் தேர்வு எழுதுவாய், இல்லையென்றால் என்னைப் போலச் சாக்பீஸ் பிடிப்பாய் என்று நினைத்திருந்தேன். நீயோ டேனரிகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலைக்குப் போனாய். அங்கே என்ன செய்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், "தோல் கம்பெனி சம்பந்தமா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளிடம் "கேள்வி கேளுங்க, கேள்வி கேளுங்க" என்று சொன்னவன், சொந்த மகனிடம் கேட்ட ஒரே கேள்வி "சாப்டியா".

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. என் பங்கை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மையத்தில் ஏரியைப் பற்றி நான் பேசினேன். எதிரே நாற்பது பிள்ளைகள், பின்னால் அவர்களின் பெற்றோர். எனக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் ஒளிச்சேர்க்கை என்றால் ஒருவனைக் கை விரித்து இலையாக நிற்க வைப்பேன். மகரந்தச் சேர்க்கை என்றால் இன்னொருவனைத் தேனீயாக ஓட விடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பாடம் மனதில் நிற்கும். அன்றைக்கு நீ வேலை முடிந்து நேராக அங்கே வந்தாய், என்னை வண்டியில் கூட்டிப்போக. காக்கிச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கூடவே அந்த வாசனை. கழுத்தில், மையத்துக்கு வரும்போது மாட்டும் அதே நீல நாடா அட்டை. உன்னைக் கண்டதும் என் வாய்க்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது.

"தோ, என் புள்ளையவே எடுத்துக்கங்க. இதே ஏரியில கொக்கு எண்ணிக்கினு வளர்ந்தவன். இன்னிக்கு தண்ணிய கெடுக்கறவங்களுக்கே வேலை பாக்கறான். படிச்சா மட்டும் போதுமா? சொல்லுங்க!"

பிள்ளைகள் "போதாது!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சரவணா. பாடம் மனதில் நின்றுவிட்டது என்று எனக்குத் திருப்தி. நீ நாடாவைக் கழற்றி அறிவிப்புப் பலகையின் ஓர ஆணியில் மாட்டிவிட்டு, வண்டியில் எனக்காகக் காத்திருந்தாய். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதுதான் சொன்னாய். "நான் உங்க புள்ள நைனா. எடுத்துக்காட்டு இல்ல."

அதன் பிறகும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிந்து கீதாவோடு வாலாஜாபேட்டைக்குக் குடிபோனாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாய், பஸ் ஸ்டாண்டில் இறங்கி பிரியாணி வாங்கி வருகிறாய், என் இரத்த அழுத்த மாத்திரையை எண்ணிப் பார்க்கிறாய். ஆனால் ஞாயிறு காலை நான் தொலைநோக்கியைத் துடைக்க ஆரம்பித்ததும் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். உன் அம்மா ஒருமுறை கேட்டாள், "ஏங்க, கோவத்த வூட்ல காட்டறவனுக்கு சோறு போட்டு சமாதானம் பண்ணலாம். காட்டாதவன இன்னா பண்றது?"

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நானும் அம்மாவும் உன் வீட்டுக்கு வந்திருந்தோமே, அப்போது ஒருநாள் உனக்கு இரட்டை ஷிப்ட் விழுந்துவிட்டது. கீதா சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, கொடுத்தனுப்ப ஆள் தேடினாள். நான் போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அன்று இரவு, "நைனா வந்தாரா? வாட்ச்மேன் கிட்டயா குடுத்துட்டுப் போனாரு?" என்று கீதாவிடம் கேட்டாயாம். வாட்ச்மேனிடம்தான் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன் உன் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே வந்தேன். அவர்தான் கையைக் காட்டினார், "சரவணன் சார் லேப்ல கீறாரு, நேரா போங்க" என்று.

நேராக நடந்தேன். இருபுறமும் குளம்போலத் தொட்டிகள், பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அந்தச் சிறுமி ஞாபகம் வந்தது, கையை இறக்கிவிட்டேன். ஆய்வுக்கூடத்தின் சன்னல் திறந்திருந்தது. நீ எனக்கு முதுகு காட்டி, நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தாய். ஒன்பது வயதில் எப்படிக் குனிந்திருந்தாயோ அப்படியே, இடது காலை வலது காலின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு. பக்கத்தில் கை துடைத்தபடி ஒருவர் நின்றார். அவர் கேட்டார், "இன்னா சார், பூச்சிங்க உசுரோட கீதுங்களா?"

நீ தலையைத் தூக்காமலே சொன்னாய். "காலையில வந்த தண்ணியில உப்பு ஜாஸ்தி. பாதி சுருண்டு கெடக்குது. மீதி காம்ப விட்டுட்டு நீஞ்சிப் போயிருச்சி. புதுத் தண்ணிய கம்மி பண்ணு. காத்து கொஞ்சம் ஏத்து. சாயங்காலம் வரிக்கும் பாக்கலாம், மறுபடி வந்து ஒட்டிக்கும்."

"நீங்க சொன்னா வந்துடுமா?"

"எம்மேல கோவம் இல்லன்னா வரும்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் சன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

காம்பு. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் வரிசையைக் காரணம் சொல்லி உன்னை நகர்த்திய நாளில் நீ பார்த்த அதே உயிர். கழிவுத் தண்ணீரைத் தெளிய வைக்க உதவும் அதைத்தான் நீ இங்கே தொட்டி தொட்டியாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். நான் கொக்கை எண்ணினேன். நீ கொக்குக்கு வந்து சேர வேண்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே வந்து உன் தோளைத் தொட்டிருக்க வேண்டும். எந்த முகத்தோடு வருவது என்று தெரியாமல், சாப்பாட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது வெறும் சமாதானப் பேச்சாகிவிடும். ஆற்றைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறது. அதில் விவசாயம் போனவர்களின் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் தண்ணீரைக் கெடுப்பவர்கள் என்று நான் விரலை நீட்டிய திசையில், அதைத் திருத்த நின்ற ஒரே ஆளாக நீ இருந்தாய். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் தோய்ந்த தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் அந்தப் பேச்சையும் பேசினேன். தண்ணீர் கெட்டதில் எனக்கும் பங்கு இருந்தது, என்னை எடுத்துக்காட்டாக நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

உனக்குக் கீழே இப்போது நான்கு பேர் வேலை கற்றுக்கொள்கிறார்கள் என்று கீதா சொன்னாள். அதனால் வாத்தியாராக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒருவனைக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் சொல்வது மிகவும் சுலபம். சொல்பவனுக்கு அன்றைக்கே மறந்துபோகும், கேட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும், காட்டப்பட்டவனுக்கு மறக்காது. தப்பு செய்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் இப்படிப் பண்ணே?" என்று கேள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இரு. நான் வகுப்பறையில் கற்றுக்கொள்ளாதது அந்த இரண்டாவது பாதிதான்.

உன் சன்னலுக்கு வெளியே நின்ற அந்த நாளுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது கவலையால் என்று உன் அம்மா நினைக்கிறாள். கவலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் கேள்வி. மையத்துக்குப் போய் நசீமாவிடம் நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி, மூன்று ஞாயிறாக ஏரித் தண்ணீரைப் பார்க்கிறேன். செருப்பு வடிவத்தில் பாரமீசியம் ஓடுகிறது. அதை இத்தனை வருடம் கலர் சாக்பீஸில் வரைந்திருக்கிறேன், உயிரோடு நிதானமாகப் பார்ப்பது இப்போதுதான். ஆனால் உன் காம்புப் பூ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தண்ணீரை மேலாக மொண்டதால்தானோ? வேரைப் பிழிய வேண்டும் என்று அந்த வயதில் உனக்கு யார் சொன்னது? உப்பு ஏறினால் அது காம்பை விட்டுப் போகிறது என்றாயே, திரும்பி வரும்போது பழைய காம்பிலேயே ஒட்டிக்கொள்ளுமா, புதிதாக முளைக்குமா? மழைக்காலத்தில் எது முதலில் வரும்? தண்ணீர் தெளிந்த பிறகு எடுக்கிற உப்பை என்ன செய்கிறீர்கள்? அது எங்கே போகிறது? நீ கேட்ட நுரைக்கான பதிலை இத்தனை நாளில் நீயே கண்டுபிடித்திருப்பாய். அதையும் எனக்குச் சொல்.

இனி படிவத்தைப் பிரி. முதல் வரியில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. இரண்டாவது வரியில் உன் அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தெரிந்துகொள்ள விரும்புவது என்ற கட்டத்தில், "கொக்கு ஒத்தக் கால்ல நிக்கறப்ப இன்னொரு கால் மரத்துப் போகாதா" என்று எழுதியிருக்கிறாள். இத்தனை வருடம் அவளுக்குப் பதிலாகப் 'பறவைகள்' என்று எழுதியது நான். அவளுக்குள் இப்படி ஒரு கேள்வி இருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. நான்காவது வரி கீதாவுக்கு, அவள் விரும்பினால். மூன்றாவதில் உன் பெயரைக்கூட நான் எழுதவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே திருப்பி அனுப்பு. இரண்டு பேருக்கான அட்டையாக வாங்கிக்கொள்கிறோம். அதற்காக இந்த வீட்டில் யாரும் உன்மேல் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள். என் கேள்விகளுக்கு மட்டும் எப்படியும் பதில் வேண்டும்.

இன்னொரு அனுமதியும் கேட்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னதை நான்கு சுவருக்குள் திரும்ப வாங்கிக்கொள்வது சரியாகாது. இந்தக் கடிதத்தை மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஆசை. ஆனால் உன்னைக் கேட்காமல் ஒட்டினால், பழைய தப்பையே மறுபடி செய்தவனாவேன். நீ சரி என்று சொன்னால் மட்டும் ஒட்டுவேன். பலகையின் ஓர ஆணியில் உன் அட்டை இன்னும் தொங்குகிறது. போன வருடம் சுவருக்கு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் கழற்றினார்கள். முன்பல் இல்லாத அந்தப் படத்தை நசீமாதான் திரும்ப அதே இடத்தில் மாட்டி வைத்தாளாம்.

என் கட்டத்தில் இந்த வருடம் 'பறவைகள்' இல்லை. 'என் மகன் செய்யும் வேலை' என்று எழுதியிருக்கிறேன். நசீமா அதை ஏற்பாளோ மாட்டாளோ. நீ வருவதாக இருந்தால், உன் தொட்டித் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வா. நீ முதலில் பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். வரிசையில் உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன்.

உன்
நைனா